பரஸ்தானம் வைத்த ஃபைல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு போன் செய்தார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. "மேடம், வெப் சர்வர் ஃபைல்ல ஒரே ஒரு வரி மாத்தணும். மாத்தி சேவ் பண்ணி வெச்சுட்டேன். ரீலோட் மட்டும் நாளைக்குப் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. "யாரைக் கேட்டு பரஸ்தானம் வெச்சே?" என்று கத்தினேன். ரிட்டயர் ஆனதும் மேடத்துக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

கலங்கவில்லை. நம் ஆபீஸில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. உங்கள் டீம் லீடர் குமரவேலு அதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். இன்றைக்கு அவர் உங்களுக்கெல்லாம் சார். அன்றைக்கு எனக்கு வெறும் குமரவேலு. ஏன் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஃபைலைத் திருத்துவது எப்படி என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அதற்கு ஊரெல்லாம் வீடியோ கிடக்கிறது. ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், மீதிக் கதைக்கு அது போதும். சர்வர் கண் விழிக்கும்போது அந்த ஃபைலை ஒரு தடவை படித்து மனப்பாடம் செய்துகொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் ஃபைலில் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. மனப்பாடம் செய்ததையே ஒப்பித்துக்கொண்டிருக்கும். 'மறுபடி படி' என்று கூப்பிட்டுச் சொன்னால்தான் புதிதாகப் படிக்கும். அதுதான் ரீலோட். இல்லையென்றால் சர்வர் செத்துப் பிழைக்க வேண்டும்; அப்போதும் படிக்கும். இந்த இரண்டாவது வழியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

இனி நம் ஓனர். பஜாரில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். கீழே அண்ணன் கற்பூரம் விற்கிறார், மாடியில் தம்பி வெப்சைட் விற்கிறார். இன்ஜினியரிங் படித்தவர், சென்னையில் பெரிய கம்பெனியில் குப்பை கொட்டியவர். நெட்வொர்க்கில் எப்பேர்ப்பட்ட சிக்கலையும் உட்கார்ந்த இடத்தில் அவிழ்ப்பார். ஆனால் காலையில் வந்ததும் அவருடைய முதல் வேலை, அண்ணன் கடையிலிருந்து தினசரி காலண்டர் தாளைக் கிழித்து வந்து சர்வர் மேல் டேப் போட்டு ஒட்டுவது. தேதியை அவர் பார்க்க மாட்டார். பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம் இவைதான் நம் ஆபீஸின் டைம்டேபிள்.

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்குமாம். அதனால் பேக்கப் எடுப்பது குளிகையில். புது வாடிக்கையாளருக்கு முதல் மெயில் அனுப்புவது குளிகையில். ஒரு நாள் குளிகை நேரம் பார்த்து சர்வர் படுத்துக்கொண்டது. மனுஷனுக்கு முகமே செத்துப்போயிற்று. படுத்ததற்காக அல்ல. திரும்பத் திரும்பப் படுக்குமே என்பதற்காக.

கிண்டல் செய்கிறேனே தவிர, நல்ல மனுஷர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவரோடு எனக்கிருந்த ஒரே சண்டை பாஸ்வேர்டு. ஃபைலைத் திருத்த எங்களுக்கெல்லாம் அனுமதி உண்டு. திருத்தியது அமலுக்கு வர வேண்டுமென்றால் ரீலோட் பாஸ்வேர்டு வேண்டும், அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வந்து உட்கார்ந்து, இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு, வலது கையால் அடிப்பார். யாராவது திருடிவிடுவார்கள் என்றெல்லாம் இல்லை. நாங்கள் ராகு காலத்தில் எதையாவது ரீலோட் செய்து தொலைத்துவிடுவோம் என்ற பயம்.

இப்போது பரஸ்தானம். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரம் சரியில்லை, ஆனால் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் வீடுகளில் ஒரு வழி உண்டு. முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பெட்டியையோ பையையோ கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் ஆள் கிளம்பலாம். ராகு வந்து கேட்டால், நாங்கள் நேற்றே கிளம்பிவிட்டோமே என்று சொல்லிக்கொள்ளலாம். இதுதான் பரஸ்தானம் வைப்பது.

இதை சர்வருக்குக் கொண்டுவந்த பெருமை குமரவேலுவைச் சேரும். ரீலோட் நேரமும் நல்ல நேரமும் ஒத்துவராத ஒரு நாளில், "சார், நல்ல நேரத்துல ஃபைலைத் திருத்தி சேவ் பண்ணி வெச்சுடலாம். அதுவே ஆரம்பிச்ச மாதிரிதான். ரீலோட் எப்ப வேணா பண்ணிக்கலாம், பரஸ்தானம் வெக்கறதில்ல, அந்த மாதிரி" என்றான். ஓனர் அவனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆபீஸில் அதுவே வழக்கமாகிவிட்டது. "அந்த ஸ்கூல் சைட்டுக்கு பரஸ்தானம் வெச்சாச்சா?" என்று ஓனர் கேட்பார். "வெச்சாச்சு சார்" என்பான் குமரவேலு. நானும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த நாள் ஒரு ஆடி வெள்ளிக்கிழமை.

நாம் பார்த்துக்கொண்டிருந்த சைட்டுகளில் ஒன்று ஒரு நர்சிங் கல்லூரியுடையது. இடம் கிடைத்த பெண்கள் சைட்டுக்குள் போய், 'எனக்கு இந்த இடம் வேண்டும்' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரைதான் நேரம். அதுவரை அழுத்தாதவர்களின் இடம் தானாகக் கைமாறி, காத்திருப்பவர்களில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சைட்டை எழுதிக்கொடுத்த புண்ணியவான் இந்தக் கைமாற்றத்தை மட்டும் மணி பார்த்துச் செய்யும்படி எழுதியிருந்தான். பட்டன் பக்கத்தை மூட மறந்துவிட்டான். அதை மூடும் வேலை நமக்கு வந்தது. சர்வர் ஃபைலில் ஒரே வரி. அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களை 'கால அவகாசம் முடிந்தது' என்று கைகூப்பும் படம் போட்ட வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடும்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஓனருக்கு வாயெல்லாம் பல். "பாருங்க கஸ்தூரிக்கா, ராகு காலம் முடியறதும் பன்னெண்டு, பக்கத்தை மூடறதும் பன்னெண்டு. தானா அமைஞ்சு வருது பாருங்க" என்றார். பத்தரைக்குள் பரஸ்தானம். பன்னிரண்டு அடித்ததும் ரீலோட். குமரவேலு அந்த வரியை எழுதினான், டெஸ்ட் செய்தான், சேவ் செய்தான். எழுத்துப் பிழை கிடையாது, புள்ளி கமா பிழை கிடையாது. நானே பார்த்தேன். அத்தனை சுத்தமான வரி.

தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஸ்பீக்கர், சீரியல் செட், கரகாட்டத்துக்குத் தனி லைட் என்று தெருவே அந்த ஒரு கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தது. பதினொரு மணி ஆவதற்கு முன்னால் பட்டென்று எல்லாம் அணைந்தது. பரவாயில்லை, யூபிஎஸ் இருக்கிறது என்பீர்கள். யூபிஎஸ் பேட்டரி செத்து வெகு நாளாயிற்று. புது பேட்டரி வாங்கி வந்து ஓனர் கேபினிலேயே வைத்திருந்தார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆவணியில் மாட்டிக்கொள்ளலாம் என்று சந்தனப் பொட்டு வைத்து மூலையில் உட்கார வைத்திருந்தார்.

சர்வர் செத்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது, சர்வரும் பிழைத்துக்கொண்டது. குமரவேலு ஒவ்வொரு சைட்டாகத் திறந்து பார்த்தான். எல்லாவற்றிலும் முதல் பக்கம் அழகாக வந்தது. "ஓடுது சார்" என்றான். ஓனர் கேபினுக்குள்ளிருந்தே, "அம்மன் காப்பாத்திட்டா" என்றார். நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

கற்பூரக் கடைக்குப் பக்கத்தில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. உள்ளே ஒரு பெண்ணின் குரல் உயர்ந்து கேட்டது.

"பன்னெண்டு மணி வரைக்கும்னு மெசேஜ் வந்துச்சுண்ணா. இப்ப மணி பதினொண்ணேகாலுதானே ஆவுது? அதுக்குள்ள முடிஞ்சுதுன்னு வருது!"

"என்னாண்ட கத்தினா நான் இன்னாம்மா பண்றது? அவங்க மூடிட்டாங்க. லேட்டா வந்துட்டு நாயம் கேக்கற" என்றார் கடைக்காரர்.

எட்டிப் பார்த்தேன். திரையில் கைகூப்பும் படம். கால அவகாசம் முடிந்தது.

சர்வர் செத்துப் பிழைத்திருக்கிறது. பிழைத்ததும் ஃபைலைப் படித்திருக்கிறது. ஃபைலில் என்ன இருக்கிறது? பன்னிரண்டு மணிக்காக நாம் நல்ல நேரத்தில் எழுதி வைத்த வரி. யாரும் ரீலோட் செய்யாமலே அது அமலுக்கு வந்துவிட்டது. மேலே மூன்று பேரும் 'ஓடுது, ஓடுது' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஒல்லி. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மார்க் ஷீட். பெயர் பவித்ரா, ஊர் பனமலை. "ஏம்மா, நேத்தே வரக்கூடாதா?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். நம் தவறை வைத்துக்கொண்டு அடுத்தவர் மேல் பாய்வது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

"எங்க நைனா ஒத்துக்கல மேடம். ஆஸ்டலுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்னுட்டாரு. இன்னிக்கு காலையிலதான் சரி போன்னாரு. அவரு மனசு மாறதுக்குள்ள பஸ் புடிச்சு ஓடியாந்தேன்." அழவில்லை. "இன்னிக்கு சீட்டு இல்லாம வூட்டுக்குப் போனா அவ்ளோதான். அடுத்த வருசம்னு ஒண்ணு எங்க வூட்ல கெடையாது மேடம். மாப்பிள்ளை பாத்துடுவாங்க."

"இங்கியே இரு, எங்கயும் போவாதே" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். ஏறினேன் என்பதை விட, விழுந்தடித்துக்கொண்டு போனேன்.

"குமரவேலு! உன் பரஸ்தானம் கெளம்பிடுச்சுடா!"

அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. அடுத்த நொடி, "அய்யோ... கரண்டு போச்சே... அக்கா!" என்று கீபோர்டின் மேல் பாய்ந்தான். நல்ல வேளை, வரியை அழிக்கவில்லை. முன்னால் # என்ற கட்டம் போட்ட குறியை வைத்து, சர்வர் படிக்காமல் தாண்டிப் போகும்படி அந்த வரியை ஊமையாக்கினான். டெஸ்ட் செய்தான். சரி என்று வந்தது. சேவ். இனி வேண்டியதெல்லாம் ரீலோட். அதற்கு வேண்டியது பாஸ்வேர்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேபின் கதவைப் பார்த்தோம்.

கேபினுக்குப் போகிற வழியிலேயே கல்லூரிக்கு போன் போட்டேன். எடுத்த அம்மா, "சிஸ்டத்துல இன்னா வருதோ அதாம்மா. பன்னெண்டுக்கு மேல எங்க கையில இல்ல" என்று வைத்துவிட்டார்.

ஓனரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்கலாமே கஸ்தூரிக்கா?"

"அரை மணியில ராகு காலம் முடியும் சார். அந்தப் பொண்ணோட சீட்டும் சேந்து முடியும்."

"அதுக்கில்லக்கா. ராகு காலத்துல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா..."

"ரீலோட் ஆரம்பம் இல்ல சார், ஓடிக்கிட்டு இருக்கறதோட தொடர்ச்சி. இப்ப சர்வரு தானா எழுந்துச்சே, அது ராகு காலத்துலதானே? உங்களைக் கேட்டுக்கினா எழுந்துச்சு?"

"அது தானா ஆச்சு. நாம பண்ணல."

"ராகு காலத்துல துர்க்கைக்கு விளக்கு போடறாங்க இல்ல? இதையும் ஒரு விளக்குன்னு நெனச்சுக்கங்க."

"அது பூஜை. இது ஃபைலு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எறிந்திருப்பேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "நீங்க சர்வரைப் பத்திப் பேசறீங்க. நான் அந்தப் பொண்ணைப் பத்திப் பேசறேன். ஆடி மாசம், அதுல ராகு காலம். இந்த நேரத்துல ஒரு புள்ள படிப்புல கால் வெக்கலாமா? நாளைக்கு ஆஸ்டல்ல அதுக்கு ஒண்ணுன்னா யாருக்கா பதில் சொல்றது? நான் அடிச்ச பாஸ்வேர்டுதானே?" மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார், அதுவும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக. பிடிவாதம் என்றால் நானும் பிடிவாதம் பிடிப்பேன். இதற்கு என்ன செய்வது?

அடுத்து நான் செய்தது உங்களுக்குப் பாடமாக வேண்டுமென்றால், செய்யக்கூடாததற்குப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். நேராக மெயின் சுவிட்சுக்குப் போனேன். ஃபைல் இப்போது சரியாக இருக்கிறது. கரண்டை நிறுத்திப் போட்டால் சர்வர் செத்துப் பிழைக்கும், ஃபைலைப் படிக்கும், பக்கம் திறந்துவிடும். பாஸ்வேர்டும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம்.

"அக்கா, வாணாம்!" என்று குமரவேலு குறுக்கே வந்து நின்றான். "ஏற்கெனவே ஒருவாட்டி விழுந்து எழுந்திருக்குது. டேட்டாபேஸ் போச்சுன்னா அந்தப் பொண்ணு சீட்டு மட்டும் இல்ல, எல்லாப் பொண்ணுங்க சீட்டும் போச்சு!"

அவன் சொன்னது சரி. அன்றைக்கு அந்த ஆபீஸில் யாராவது ஒருவர் புத்தியோடு பேசியது அதுதான் முதல் முறை. ஆனாலும் என் கை சுவிட்சை விட்டு இறங்கவில்லை. "தள்ளு" என்றேன். "தள்ள மாட்டேன்" என்றான். ஓனர் கேபின் வாசலில் நின்று, "இன்னாக்கா இது, பரஸ்தானம் வெச்சதெல்லாம் ஒரு தப்பா?" என்றார். "தப்புதான் சார்! பரஸ்தானம், ஆடி, ராகு காலம், எல்லாமே தப்புதான்!" என்று கத்தினேன். கீழே கற்பூரக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"சார்..."

திரும்பிப் பார்த்தோம். மாடிப்படி முடியும் இடத்தில் பவித்ரா. கவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னைப் பார்க்கவில்லை, குமரவேலுவைப் பார்க்கவில்லை. சர்வர் மேல் ஒட்டியிருந்த காலண்டர் தாளை ஒரு தடவை பார்த்தாள், பிறகு நேராக ஓனரைப் பார்த்தாள்.

"எனக்கு பரஸ்தானம் வெச்சாச்சு சார்."

ஓனர் நிமிர்ந்தார். "இன்னாம்மா சொன்னே?"

"ஆஸ்டலுக்குப் போறதுக்குப் பொட்டி வெச்சாச்சு சார். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே. ஆனி கடைசியில."

"இன்னா கெழமை?"

"பொதங்கெழமை சார். காலையில, நல்ல நேரத்துல."

"யார் வூட்ல வெச்சீங்க?"

"அத்தை வூட்ல சார். எங்க தெருவுலயே கெழக்கால."

ஓனர் ஒரு அடி முன்னால் வந்தார். "நடுவுல பொட்டியைத் திரும்ப வூட்டுக்குள்ள எடுத்தாந்தீங்களா?"

"எடுக்கவேயில்ல சார். துணியெல்லாம் அதுலதான் கெடக்குது. மாத்திக்க துணி இல்லாம, துவைச்சு துவைச்சு இதையே போட்டுக்கினு இருக்கேன்" என்று தாவணியின் முனையை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

அம்மன் பாட்டு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஓனர் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "அப்பன்னா பயணம் ஆனியிலயே ஆரம்பிச்சுடுச்சு."

"ஆரம்பிச்சுடுச்சு சார்."

"இது நடுவுல வர்ற வேலை."

"நடுவுல வர்றதுதான் சார்."

"இதைச் சொல்றதுக்கு இன்னாக்கா?" என்று என் பக்கம் திரும்பிக் கோபித்துக்கொண்டார். "சர்வரு, டேட்டாபேஸுன்னு எதை எதையோ பேசிக்கினு இருக்கீங்க!" வந்து உட்கார்ந்தார். இடது கையால் கீபோர்டை மறைத்தார். அடித்தார். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி தப்பு. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக இரண்டு கையாலும் அடித்தார். ரீலோட் ஆயிற்று.

"ஓடு!" என்றேன். அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் மேலே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடிகார முள் எங்களை வம்புக்கு இழுக்கிற மாதிரி நகர்ந்தது. கீழேயிருந்து பிரவுசிங் சென்டர்க்காரர் குரல் கொடுத்தார்: "மேடம்! பச்சை டிக்கு வந்துடுச்சு!" குமரவேலு தரையில் உட்கார்ந்துவிட்டான். சீனியர் என்பதால் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிறகு, யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாக்கைத் துழாவிப் பார்த்தோம். மற்ற பெண்களெல்லாம் முந்தின நாட்களிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் மூடிய பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது அவள் ஒருத்திதான். பன்னிரண்டு அடித்ததும் குமரவேலு அந்தக் குறியை எடுத்து வரிக்கு மறுபடி வாய் கொடுத்தான், ஓனர் நிம்மதியாக ரீலோட் செய்தார், பக்கம் முறைப்படி மூடியது. நடந்ததை மறைக்காமல் கல்லூரிக்கு மெயில் எழுதினோம். பவித்ரா பிரிண்ட் எடுத்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஓனர் அதில் மணி அச்சாகியிருந்த மூலையை மட்டும் மடித்து, "வூட்ல கேட்டா இந்தப் பக்கம் காட்டாதம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

பேட்டரியை அன்று சாயங்காலமே மாட்டினோம். ஆடியாவது ஒன்றாவது. பேட்டரிக்குப் பரஸ்தானம் ஏற்கெனவே கேபின் மூலையில் வைத்தாயிற்று என்று நானே ஒரு போடு போட்டேன், அவர் மறுபேச்சு பேசவில்லை. ரீலோட் பாஸ்வேர்டு மறுநாள் எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாயிற்று.

உங்களுக்கான பாடம் இதுதான். பாட்டன் பூட்டன் வைத்த பரஸ்தானத்தில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நாங்கள் வைத்த இடத்தில். பெட்டியைப் பக்கத்து வீட்டில்தான் வைப்பார்கள், நம் வீட்டு வாசற்படியில் வைக்க மாட்டார்கள். பிறகு அமலுக்கு வர வேண்டிய வரியா? வேறு பெயரில், வேறு இடத்தில், சர்வர் கண்ணில் படாத ஃபோல்டரில் எழுதி வையுங்கள். நேரம் வந்ததும் எடுத்து வந்து, டெஸ்ட் செய்து, அந்தக் கையோடு ரீலோட் செய்யுங்கள். சர்வர் படிக்கும் ஃபைலில் சேவ் செய்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனீர்களென்றால், போன வாரம் எனக்குப் புரையேறிய மாதிரி உங்களுக்கும் ஏறும். அப்புறம், சர்வர் எழுந்துவிட்டது என்பதும் சரியாக எழுந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. முதல் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு 'ஓடுது சார்' என்று சொல்லாதீர்கள். குமரவேலு சாரைக் கேளுங்கள், விவரமாகச் சொல்வார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை நான் இத்தனை நாளாக ஓனரிடம் சொன்னதில்லை. சார், இதையும் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நல்ல நேரம் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அன்றைக்கு பவித்ராவைப் பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். படி இறங்கியதும் அவள் பஜாரை இரண்டு பக்கமும் பார்த்தாள். "அக்கா" என்றாள், மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. "இந்தப் பஜார்ல துணி வெக்கற பொட்டி எந்தக் கடையில நல்லாக் கெடைக்கும்?"

"ஏன், அதுதான் அத்தை வூட்ல ஒண்ணு வெச்சிருக்கியே. இன்னொண்ணு எதுக்கு?"

அவள் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எந்த அத்தைக்கா?"

நடுத்தெருவில் நின்று நான் சிரித்த சிரிப்பில் கற்பூரக் கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். அத்தனை நேரம் நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காததை, படியோரம் நின்று ஒட்டுக்கேட்டு, ஆள் யார் என்று எடைபோட்டு, கிழமை முதல் திசை வரை சொல்லி முடித்திருந்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாற்றுத் துணி இல்லை என்று அவள் தாவணி முனையைத் தூக்கிக் காட்டியது ஞாபகம் வந்தது. அது மட்டும் பொய்யாக இருக்காது என்று தோன்றியது.

அவளைக் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைப் பக்கம் நடந்தேன். அங்கேதான் டிரங்குப் பெட்டி நன்றாக இருக்கும். அது நல்ல நேரமா கெட்ட நேரமா என்று தெரியவில்லை. காலண்டர் தாள் மாடியில் சர்வர் மேல் ஒட்டியிருந்தது.